ஜெனிசிஸ் இசைக்குழுவின் மூவர் காலம்

ஜெனிசிஸ் என்பது 1967 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளி மாணவர்களால் தொடங்கப்பட்ட ஒரு ராக் இசைக்குழு ஆகும். 1970களில் முற்போக்கு ராக் எனப்படும் இசைவகையின் முதன்மையான குழுக்களுள் ஒன்றாக இது விளங்கியது. 1977 இல் கித்தார் கலைஞர் ஸ்டீவ் ஹேக்கெட் விலகினார். அதன்பின் டோனி பேங்க்ஸ், மைக் ரதர்ஃபோர்ட், பில் காலின்ஸ் ஆகிய மூவரே 1996 வரை குழுவை நடத்தினர். நீண்ட ஆக்கங்களிலிருந்து சுருக்கமான பாப் பாடல்களை நோக்கி இக்குழுவின் ஒலி நகர்ந்தது இக்காலத்திலேயே ஆகும். ஹேக்கெட்டின் விலகல் இம்மாற்றத்தின் காரணங்களுள் ஒன்று. அதுவே முழுக் காரணம் அன்று.

பின்னணி

முற்போக்கு ராக் இசையில் ஒரு பாடல் பல பகுதிகளாக விரிந்து செல்வது வழக்கம். தாள மாற்றங்களும் நீண்ட கருவியிசைப் பகுதிகளும் இதன் அடையாளங்கள். 1972 இல் வெளியான ஃபாக்ஸ்ட்ராட் இசைத்தொகுப்பில் இடம்பெற்ற சப்பர்ஸ் ரெடி என்னும் ஆக்கம் ஏறத்தாழ 23 நிமிடங்கள் நீளமானது.

குழுவின் முதல் கித்தார் கலைஞரான அந்தோணி பிலிப்ஸ் 1970 இல் விலகினார். அவரது இடத்துக்கு ஹேக்கெட் 1971 இன் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். 1975 இல் பாடகர் பீட்டர் கேபிரியல் விலகியபோது, டிரம்ஸ் வாசித்துவந்த காலின்ஸ் பாடகர் பொறுப்பையும் ஏற்றார். 1976 இல் வெளியான எ டிரிக் ஆஃப் த டெயில், விண்ட் அண்ட் வதரிங் ஆகிய இரு தொகுப்புகளிலும் பழைய ஒலி பெருமளவு தொடர்ந்தது. பாடகரின் இழப்பைவிடக் கித்தார் கலைஞரின் இழப்பே குழுவின் ஒலியை மிகுதியாக மாற்றியது என்பது கவனிக்கத்தக்கது.

ஹேக்கெட்டின் பங்கு

ஹேக்கெட் முன்னின்று வேகமாக வாசிப்பதைக் காட்டிலும், நீண்டு ஒலிக்கும் சுரங்களால் பாடலின் சூழலை உருவாக்குவதில் வல்லவர். ஒலியளவு மிதியைப் பயன்படுத்தி, நரம்பு மீட்டப்படும் ஓசை கேளாதவாறு சுரத்தை மெல்ல எழச்செய்வார். இதனால் அவரது கித்தார் பேங்க்ஸ் வாசிக்கும் விசைப்பலகைக் கருவிகளின் ஒலியோடு பிரித்தறிய இயலாதபடி கலந்துவிடும். கித்தாரின் கழுத்துப் பகுதியில் வலக்கை விரல்களால் தட்டி வாசிக்கும் முறையை அவர் 1971 இலேயே பதிவுகளில் கையாண்டார்.

1973 இல் வெளியான ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த் என்னும் பாடல் இவரது பங்கை அறிய நல்ல எடுத்துக்காட்டாகும். அதில் முதலில் புல்லாங்குழலில் கேட்கும் மெட்டைப் பின்னர் ஹேக்கெட் கித்தாரில் எடுத்து விரித்துச் செல்கிறார். அம்மெட்டு பேங்க்ஸ் அமைத்தது. அதற்குக் கித்தாரில் உருவம் தந்தவர் ஹேக்கெட்.

விலகல்

ஹேக்கெட் 1975 இலேயே வாயேஜ் ஆஃப் த அகோலைட் என்னும் தனித்தொகுப்பை வெளியிட்டிருந்தார். தமது ஆக்கங்களுக்குக் குழுவில் போதிய இடம் கிடைக்கவில்லை என்பது அவரது மனக்குறையாக இருந்தது. விண்ட் அண்ட் வதரிங் தொகுப்புக்கென அவர் அளித்த பிளீஸ் டோன்ட் டச் என்னும் கருவியிசை ஆக்கம் ஏற்கப்படவில்லை. 1978 இல் வெளியான அவரது அடுத்த தனித்தொகுப்பு அதே பெயரைத் தாங்கி வந்தது. 1977 இல் செகண்ட்ஸ் அவுட் என்னும் மேடைப்பதிவுத் தொகுப்பின் ஒலிக்கலவைப் பணி நடைபெற்றபோது அவர் குழுவை விட்டு நீங்கினார்.

ஒலியில் ஏற்பட்ட மாற்றங்கள்

மூவரும் புதிய கித்தார் கலைஞர் ஒருவரைக் குழுவில் சேர்க்கவில்லை. அதுவரை பேஸ் கித்தாரும் பன்னிரு நரம்புக் கித்தாரும் வாசித்துவந்த ரதர்ஃபோர்ட், ஒலிப்பதிவில் முதன்மைக் கித்தாரையும் தாமே வாசித்தார். 1978 இல் வெளியான அண்ட் தென் தேர் வேர் த்ரீ என்னும் தொகுப்பில் பின்வரும் மாற்றங்களைக் காணலாம்:

- தொகுப்பில் 11 பாடல்கள் உள்ளன. ஃபாக்ஸ்ட்ராட்டில் இருந்தவை 6 மட்டுமே. மிக நீண்ட பாடலும் ஏறத்தாழ 7 நிமிடங்களே.
- கித்தார் தனிவாசிப்புகள் குறைந்தன. பர்னிங் ரோப் போன்ற சில பாடல்களில் மட்டும் ஹேக்கெட்டின் பாணியை நினைவூட்டும் வாசிப்பு உண்டு.
- முன்னர்க் கித்தார் நிரப்பிய இடங்களைப் பேங்க்ஸின் சிந்தசைசர்கள் நிரப்பின.

ரதர்ஃபோர்டின் கித்தார் மெட்டொன்றை வைத்து மூவரும் சேர்ந்து உருவாக்கிய ஃபாலோ யூ ஃபாலோ மீ என்னும் எளிய காதற்பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 7 ஆம் இடத்தை எட்டியது. மூவரும் கூடி வாசித்தபடியே பாடலை அமைக்கும் இம்முறை பின்னர்க் குழுவின் வழக்கமாயிற்று.

மேடையில் ஹேக்கெட்டின் பகுதிகளை அமெரிக்கரான டாரில் ஸ்டூமர் வாசித்தார். ரதர்ஃபோர்ட் கித்தார் வாசிக்கும் பாடல்களில் ஸ்டூமர் பேஸ் கித்தாருக்கு மாறினார்.

பிந்திய ஆக்கங்கள்

1980 இல் வெளியான டியூக், பிரித்தானியாவில் முதலிடம் பெற்ற இக்குழுவின் முதல் தொகுப்பாகும். இதில் டிரம் இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. இத்தொகுப்பிலுள்ள டர்ன் இட் ஆன் அகெய்ன் நான்கு நிமிடத்துக்கும் குறைவான பாடலாயினும், 13 அடிகள் கொண்ட அரிய தாளச்சுற்றில் அமைந்தது. 1981 இல் வெளியான அபாகாப் தொகுப்பில் குழு தன் பழைய பழக்கங்களை வேண்டுமென்றே கைவிட்டது. பாடலொன்றில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ஊதுகருவிக் கலைஞர்கள் வாசித்தனர். 1986 இல் இன்விசிபிள் டச் என்னும் பாடல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

மதிப்பீடு

ஹேக்கெட் இருந்திருந்தால் குழு பழைய வழியிலேயே சென்றிருக்கும் என்று கருதும் இரசிகர்கள் உளர். ஆயினும் யுவர் ஓன் ஸ்பெஷல் வே போன்ற மென்மையான காதற்பாடல் அவர் குழுவில் இருந்த 1976 இலேயே வெளிவந்துவிட்டது. மறுபுறம், 1986 இன் டாமினோ 10 நிமிடங்களுக்கு மேல் நீள்வது. நீண்ட ஆக்கங்கள் முற்றாக மறையவில்லை என்பதற்கு இது சான்று. ஹேக்கெட்டின் விலகலால் பாடல்களில் மறைந்தது கித்தார் ஒலி மட்டுமன்று. நெடிய கருவியிசைப் பகுதிகளுக்காக வாதிட்ட ஒரு குரலும் குழுவினுள் இல்லாமற் போயிற்று.

1982 இல் கேபிரியலுடன் நிகழ்ந்த ஒரே ஒரு மீளிணைவு நிகழ்ச்சியின் இறுதியில் ஹேக்கெட்டும் மேடையேறினார். ஜெனிசிஸ் தன் கடைசி நிகழ்ச்சியை 2022 மார்ச் மாதத்தில் இலண்டனில் நடத்தியது. பழைய ஆக்கங்களை ஹேக்கெட் 2012 இல் புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டதோடு, அடுத்துவந்த ஆண்டுகளில் தமது குழுவுடன் மேடைகளிலும் இசைத்தார்.