தேருக்கு அச்சு மாற்றுவது எப்படி? திருச்சி சொல்லும் பாடம்

சித்திரை மாதம் ரேவதி நட்சத்திரத்தன்று விடியற்காலையில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. முதல் நாளே வண்டி பிடித்து வந்த கிராமத்து ஜனங்கள் திண்ணைகளிலும் நடைபாதையிலும் தூங்கி எழுந்து, காவிரியில் முழுக்குப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்களைந்த மாலையோடு நம்பெருமாள் தேரில் எழுந்தருள, வடம் பிடிக்கும் கைகள் ஆயிரக்கணக்கில் நீளும். எல்லோர் பார்வையும் மேலே, கும்பத்தை நோக்கி இருக்கும்.

கீழே பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தோடு சக்கரமாக ஓடுகிறவர்கள், தச்சர்கள், பொறியாளர்கள். அவர்கள் கவனமெல்லாம் ஒரே இடத்தில். சக்கரத்தையும் தேரையும் சேர்த்துப் பிடிக்கும் அச்சு!

தேரின் அழகுக்கு ஸ்தபதியைப் பாராட்டுவோம். அச்சை யாரும் பாராட்டுவதில்லை. முறிந்தால்தான் அதன் பெயரே வெளியில் வரும். 2022 ஜூன் மாதம் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே மாதேஅள்ளியில் காளியம்மன் கோயில் தேர் கவிழ்ந்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அச்சு முறிந்ததே காரணம் என்றன அப்போது வந்த செய்திகள்.

பழைய மர அச்சை எடுத்துவிட்டு இரும்பு அச்சு போட வேண்டும் என்று இன்று பல ஊர்க் கோயில் கமிட்டிகள் பேசுகின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால், 'கனமான இரும்பாகப் பார்த்துப் போட்டுவிட்டால் போதும்' என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு வழிகாட்டியாக இருந்த ஊர் திருச்சி.

திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலையின் உயரழுத்தக் கொதிகலன் பிரிவு 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்கிற இடத்துக்கும் சுவாமி தேருக்கும் என்ன சம்பந்தம்? கொதிகலன் செய்யப் பருமனான இரும்புத் தகட்டை வெட்ட வேண்டும், வளைக்க வேண்டும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட இல்லாமல் வெல்டிங் செய்ய வேண்டும், செய்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தேர்ச் சக்கரத்துக்கும் வேண்டியது இதே வித்தைதான். 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே வந்தது.

அந்தக் கைத்திறனுக்குப் பெரிய சோதனை, திருவாரூர் ஆழித் தேர். அலங்கரித்து நின்றால் 96 அடி உயரம். எடை சுமார் 300 டன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பழைய தேர் 1926-ல் தீயில் போனது. புதிதாகச் செய்த தேர் 1930-ல் ஓடியது. 1948-க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. அதற்கு முன்பே, கிளம்பிய தேர் நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆனதாகத் திருவாரூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். 22 வருடங்கள் அசையாமல் நின்ற தேரை 1970-ல் மறுபடி ஓட வைத்தவை, திருச்சி பெல் செய்து கொடுத்த இரும்பு அச்சுகளும் சக்கரங்களும்தான்.

அந்த அச்சு எவ்வளவு சுமக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு சக்கரம், இரண்டு அச்சு. 300 டன்னைப் பங்கு போட்டால் ஓர் அச்சுக்கு 150 டன். நம் அகலப் பாதையில் சரக்கு ரயிலின் ஓர் அச்சுக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் பாரம் ஏறக்குறைய 23 டன். ஆக, ஆறு ரயில் அச்சுகளின் சுமைக்கும் மேலாக ஒரே அச்சு தாங்குகிறது.

ஆனால் ரயில் அச்சுக்கு வேறு ஒரு கஷ்டம் உண்டு. அது சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஓர் இரவில் சென்னை போய்ச் சேர்வதற்குள் அதன் அச்சு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழன்றுவிடும். ஒவ்வொரு சுழற்சியிலும் அச்சின் ஒரே இடம் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை அழுந்துகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் கடைசியில் ஒடிகிறதே, அந்தக் களைப்புதான் ரயில் அச்சின் எதிரி.

மரபான தேரில் அச்சு சுழலாது. சக்கரம் மட்டும்தான் அதன்மேல் சுழலும். ஒன்பது அடிச் சக்கரம் மூன்று கிலோமீட்டர் ஓடினாலும் 350 சுற்றுதான். வருஷத்துக்கு ஒரு நாள் வேலை! அதனால் தேர் அச்சைக் கொல்வது களைப்பு அல்ல. மீதி 364 நாளும் நிலையில் நிற்கும்போது ஏறும் துருவும் ஈரமும், ஓடுகிற அன்று பள்ளத்தில் 'தடக்'கென்று இறங்கும் அடியும், முக்கு திரும்பும்போது பக்கவாட்டில் இழுபடும் இழுப்பும்தான். திருவாரூரில் முக்குகளில் இரும்புத் தகடு பரப்பி, கிரீஸ் தடவி, அதன்மேல் தேரை வழுக்கித் திருப்புவது சும்மா இல்லை. அந்த இடத்தில் உராய்வைக் குறைத்தால் சக்கரத்துக்கும் அச்சுக்கும் அத்தனை நிம்மதி.

பச்சமலை, கொல்லிமலைப் பாதைகளில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இதே அச்சு வேறொரு முகம் காட்டும். ஜீப்பின் பின்பக்க ஆக்ஸில் ஷாப்ட், சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது. அதனால் முறுக்கும் விசையைத் தாங்க வேண்டும். சேற்றில் சக்கரம் மாட்டிக்கொள்ள, டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, துணியைப் பிழிவதுபோல ஷாப்ட் முறுக்கிக்கொண்டு ஒடியும். தேரை இஞ்சின் உள்ளிருந்து சுற்றுவதில்லை, வடம் வெளியிலிருந்து இழுக்கிறது. அதனால் முறுக்கு இல்லை, வளைவுதான். சக்கரங்கள் இரு முனைகளையும் மேலே தள்ள, தேரின் பாரம் நடுவில் அழுத்த, அச்சின் கீழ்ப்பக்கம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். விரிசல் விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் விழும். குனிந்து பார்க்காதவர் கண்ணில் படாது.

சரி, புது அச்சு வாங்கப் போகும் கமிட்டிக்காரர் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், பழையது ஏன் போனது என்று பார்க்க வேண்டும். முறிந்த இடம் பேசும். துரு பிடித்த பழைய விரிசலா, புத்தம் புதிய முறிவா என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே அனுபவசாலிக்குத் தெரியும். அதைக் கழித்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டுப் புதுசு வாங்கப் போவது, நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு மருந்து வாங்கப் போவதுபோலத்தான்.

அடுத்தது பருமன். உருண்டை அச்சின் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். பத்து சதவிகிதம் பருமன் கூட்டினால் வலிமை 33 சதவிகிதம் கூடுகிறது. 200 மில்லிமீட்டரை 250 ஆக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு! இதைக் கேட்டதும் 'அப்படியானால் பருமனாகவே போட்டுவிடலாமே' என்று தோன்றும். அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தேரின் அடிச்சட்டத்திலிருந்து சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது? அந்த இடைவெளி இரண்டு மடங்கானால் அச்சை வளைக்கும் விசையும் இரண்டு மடங்காகும். சக்கரத்தை வெளியே தள்ளி வைத்துவிட்டு அச்சைப் பருமனாக்கினால், வலது கையில் கொடுத்து இடது கையில் பிடுங்கிக்கொண்ட கதைதான்.

பருமன் திடீரென்று குறையும் இடம் இன்னொரு பலவீனம். லேத்தில் கடையும்போது அந்தப் படி கூர்மையான மூலையாக இருக்கக் கூடாது. வழவழப்பான வளைவாக இறங்க வேண்டும். மூலையில்தான் விரிசல் பிறக்கும். லேத் பட்டறைக்காரருக்குக் கால் மணி நேர வேலை. தேருக்கு ஆயுள் காப்பீடு.

பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று கழித்துப்போட்ட லாரி அச்சை வாங்கி, போதாத நீளத்துக்கு ஒட்டு வெல்டிங் வைத்து மாட்டுவது மகா தப்பு. அச்சுக்குப் பயன்படும் உறுதியான எஃகுகளில் கரி கூடுதல். முறையாகச் சூடேற்றி, மெல்ல ஆறவிடாமல் வெல்டிங் வைத்தால், ஒட்டுக்குப் பக்கத்திலுள்ள இரும்பு கண்ணாடிபோல நொறுங்கும் குணத்துக்கு மாறிவிடும். பார்வைக்கு ஒட்டு பலமாகத் தெரியும். முறிவதோ அதற்கு ஒரு விரற்கடை தள்ளி.

எஃகின் ரகமும் அப்படித்தான். இ.என். 8, இ.என். 19, இ.என். 24 என்று பட்டறைகளில் பெயர் சொல்லிக் கேட்கலாம். எண் பெரிசாக இருந்தால் நல்லது என்று நினைத்துக் கேட்கக் கூடாது. கடினமாக இருப்பது வேறு, அடி தாங்குவது வேறு. பள்ளத்தில் இறங்கும் தேருக்கு வேண்டியது அடி தாங்கும் குணம். பதப்படுத்திய விவரத்துக்கும், உள்விரிசல் இல்லை என்று மீயொலிச் சோதனையில் பார்த்ததற்கும் கையில் காகிதம் வாங்க வேண்டும். காகிதம் தராத பட்டறையில் அச்சு வாங்க வேண்டாம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஒன்றைப் பலப்படுத்தினால் பலவீனம் அடுத்ததற்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜீப்புக்கு வலுவான ஷாப்ட் போட்டவர்கள் அடுத்த மழைக்கு டிபரன்ஷியலின் பல்லை உடைத்துக்கொண்டு வருவது இதனால்தான். தேரிலும் அதே கதை. மரச் சக்கரம் மர அச்சில் 'கிறீச்'சிட்டுக்கொண்டு சுழன்றபோது அந்த உராய்வே பாதி பிரேக். விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த மை போட்டாலும் தேர் நகர மனசு வைக்காது. இரும்பு அச்சும் நல்ல புஷ்ஷும் போட்டதும் தேர் லேசாக உருண்டது. இழுக்கிறவர்களுக்குச் சந்தோஷம். முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு? உருண்டு வரும் 300 டன்னை ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டு நிறுத்த வேண்டும்! ஹைட்ராலிக் பிரேக் தேருக்கு வந்தது ஆடம்பரத்துக்காக அல்ல. அச்சு மாறியதால் வந்த தேவை அது. ஆழித் தேருக்கு அதையும் பெல்தான் செய்து தந்தது. ஆடித் தேருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டு வஸ்திரம் போகும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆண்டாள் தேர் இப்போது ஓடுவது இரும்புச் சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கிலும்தான்.

மேலே இருக்கும் மரச் சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. இரும்பு அச்சைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பழைய இலுப்பை மரத்துக்குள்தானே இறங்குகின்றன? அந்த மரம் உளுத்திருந்தால் எத்தனை உசத்தி அச்சும் வீண். பாரம் இன்னொன்று. விட்டு விட்டு ஒவ்வொரு வருஷமும் ஒரு சீரியல் செட், ஒரு ஜெனரேட்டர், மேலே நாலு பேர் என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது வண்டிக்கு மட்டுமா?

மரத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. முறிவதற்கு முன் முனகும். பழைய தச்சர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே தேரை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். இரும்பில் ஓடும் விரிசல் வாய் திறக்காது. அதனால்தான் தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் வந்து பார்த்து உறுதிச் சான்று தருகிறார்கள். சின்ன ஊர்க் கோயில்களில் அதை ஒரு கையெழுத்து வேலையாக நினைத்து, கடைசி நாளில் ஓடுகிறார்கள். ஒரு மாதம் முன்பே கூப்பிட்டால், குறை இருந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் தகரக் கொட்டகை போட்டு மூடுவதற்கு முன், ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாரத்தைச் சக்கரத்திலிருந்து கட்டைகளுக்கு மாற்றிவிடலாம். பழைய கிரீஸைத் துடைத்து எடுத்து, அச்சின் கீழ்ப்பக்கத்தை ஒரு டார்ச் அடித்துப் பார்த்து, புது கிரீஸ் பூசி மூட, இரண்டு ஆட்களுக்கு அரை நாள் வேலை.