கழுத்தில் ஒரு துளை... கத்தியா, ஊசியா?

‘‘தொண்டையில ஓட்டை போடணும்னு டாக்டர் சொல்றாரே... அப்படின்னா அவ்வளவுதானா?’’

2020, 2021-ல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, ஐ.சி.யு. வாசலில் காத்துக்கிடந்த எத்தனையோ குடும்பங்களைக் கலங்கடித்த கேள்வி இது. ‘இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று படிவத்தை நீட்டினால் யாருக்குத்தான் கை நடுங்காது?

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடலாம். ‘இவர் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால், வென்டிலேட்டரிலிருந்து விடுபட நாளாகும்’ என்று டாக்டர்கள் நினைக்கும்போதுதான் பெரும்பாலும் இந்த ‘டிரக்கியாஸ்டமி’யைச் செய்கிறார்கள். அதனால் இதைக் கேட்டதுமே மனசு விட்டுவிட வேண்டாம்!

வாய் வழியா இருக்கிற குழாயே போதாதா?

அந்தக் குழாய், குரல்நாண்களின் நடுவே புகுந்துதான் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. நாள்கணக்கில் அங்கேயே கிடந்தால் குரல்வளை புண்ணாகிவிடும். உறுத்தல் தெரியாமலிருக்க மயக்க மருந்தும் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். கழுத்து வழியாகக் குழாய் போட்டால் மயக்க மருந்தைக் குறைக்கலாம். சளியை உறிஞ்சி எடுப்பதும் சுலபம். பேஷண்ட் கண் விழித்துப் பார்ப்பார். உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கலாம்.

எப்படிச் செய்யறாங்க?

இரண்டு வழிகள் உண்டு.

கத்தி வழி: குரல்வளை மேட்டுக்குக் கீழே தோலைக் கீறி, தசைகளை விலக்கி, மூச்சுக்குழாயை நேராகக் கண்ணால் பார்த்துத் திறந்து குழாயை வைப்பார் சர்ஜன். ஆபரேஷன் தியேட்டரிலோ, படுக்கையருகிலோ செய்வார்கள்.

ஊசி வழி: அமெரிக்க சர்ஜன் சியாக்லியா 1985-ல் வெளியிட்ட முறை. மூச்சுக்குழாய்க்குள் ஊசியை இறக்கி, அதன் வழியே மெல்லிய கம்பியை விடுவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டே விரிப்பானை நுழைத்து, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக் குழாயைச் செருகுவார்கள். ஊசி சரியான இடத்தில் இறங்குகிறதா என்று உள்ளேயிருந்து பார்க்க பிராங்கோஸ்கோப் உதவும். ஐ.சி.யு. படுக்கையிலேயே முடிந்துவிடும்.

கொரோனாவில் என்ன சிக்கல்?

மூச்சுக்குழாயைத் திறந்ததும் காற்றோடு வைரஸும் டாக்டரின் முகத்துக்கு நேரே வருமே! அதனால் பேஷண்ட் இருமாமலிருக்க தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, துளை திறக்கும் சில விநாடிகளுக்கு வென்டிலேட்டரை நிறுத்தினார்கள். ஏற்கெனவே நைந்துபோன நுரையீரல், அந்தச் சில விநாடிகளில்கூட ஆக்ஸிஜன் மளமளவென்று இறங்கிவிடலாம். ஆகவேதான், ஆக்ஸிஜன் தேவை குறையும்வரை காத்திருப்பது முக்கியமானது. 2020-ன் தொடக்கத்தில் பல வழிகாட்டுதல்கள் இரண்டு, மூன்று வாரம் பொறுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

2020-ல் ஸ்பெயினின் 120 ஆஸ்பத்திரிகளில் 1,890 கொரோனா பேஷண்ட்டுகளுக்கு இந்தத் துளை போடப்பட்டது. ஐந்தில் நான்கு பேருக்குக் கத்தி வழிதான். அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரு குழு ஊசி வழியைச் சற்றே மாற்றியது. பிராங்கோஸ்கோப்பை வாய்க்குழாய்க்குள் விடாமல் அதன் பக்கவாட்டில் விட்டார்கள். வென்டிலேட்டரின் இணைப்பைத் திறக்கவேண்டிய அவசியம் குறைந்தது. இப்படி 98 பேருக்குச் செய்தார்கள்.

சரி, எதுதான் உசத்தி?

உயிர் பிழைப்பதைப் பொறுத்தவரை, ஒன்றைவிட மற்றது மேல் என்று தெளிவாக நிரூபணமாகவில்லை. கொரோனாவுக்கு முந்தைய ஆய்வுகளில், ஊசி வழியில் புண்ணில் சீழ் பிடிப்பது குறைவாக இருந்தது. ஆனால் கழுத்து மிகத் தடிமனாக இருந்தாலோ, முன்பே அங்கே ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, ரத்தக்குழாய் குறுக்கே ஓடினாலோ கத்தி வழியே பத்திரம் என்பார்கள். டாக்டர் குழுவுக்கு எதில் கைப்பழக்கம் அதிகம் என்பதும் முக்கியம்.

அவசரப்படவும் வேண்டியதில்லை. 2013-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 909 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நான்கு நாளுக்குள் துளை. இன்னொரு குழுவுக்குப் பத்து நாளுக்குப் பிறகும் தேவைப்பட்டால் மட்டும். இறப்பு விகிதத்தில் வித்தியாசமில்லை. காத்திருந்த குழுவிலோ, பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் கடைசியில் துளை போடப்பட்டது!

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

* ஏன் இப்போது? இன்னும் சில நாள் பொறுக்கலாமா?

* எந்த முறை? இவருக்கு அது ஏன் பொருத்தம்?

* ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்கிறீர்களா? அதை எப்போது நிறுத்துவீர்கள்? (கொரோனா பேஷண்ட்டுகள் பலருக்கு இந்த மருந்து உண்டு. ரத்தக்கசிவு பயமும் அதனால்தான்.)

* குழாயை எடுக்க என்னென்ன முன்னேற்றம் தெரிய வேண்டும்?

பேச்சு போயிடுமா?

குழாய் இருக்கும்போது காற்று குரல்நாண்களைத் தொடாமல் வெளியேறுவதால் சத்தம் வராது. குரலே போய்விட்டது என்று அர்த்தமில்லை. கொஞ்சம் தேறியதும் பேச உதவும் வால்வைப் பொருத்தலாம். அதுவரை சிலேட்டோ, பேப்பர் பேனாவோ கொடுங்கள். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். அதனால் பக்கத்தில் நின்று வேண்டாததைப் பேசாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: முதல் வாரத்தில் குழாய் நழுவினால் ஆபத்து. நீங்களாகத் திருப்பிச் செருக முயலாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். குழாயை எடுத்த பிறகு, துளை பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். கழுத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் மிஞ்சும்.