காண்பதற்கு மட்டுமா கல்விச் சுற்றுலா?

  

நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு நபிமொழியைக் கேட்டறிவதற்காக ஒட்டகம் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களின் வாயிலில் போய் நின்றார்கள். நம் முன்னோர் ஊர் பார்க்கப் புறப்படவில்லை. அறிந்தவரைத் தேடிப் புறப்பட்டார்கள். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தி, நம் பிள்ளைகளின் கல்விச் சுற்றுலாவைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் பலவும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கேளிக்கைப் பூங்காக்களில் போய் நிற்கின்றன. பிள்ளைகள் விளையாடுவது தவறன்று. ஆனால் அதற்குக் கல்விச் சுற்றுலா என்று பெயரிடுவது பொருந்துமா?

அருகிலிருக்கும் ஆசான்கள்

கோவளத்தில் அடங்கியிருக்கும் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவை நம்மவர் அறிவர். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் வடநெம்மேலி உள்ளது. அங்கே 1976இல் ரோமுலஸ் விட்டேகர் முதலைப் பண்ணையை நிறுவினார். அதற்கு முன் அவர் பாம்புப் பண்ணை தொடங்கிய இடம் நம் சேலையூர்தான் என்பது இன்றைய தாம்பரம்வாசிகள் பலரும் அறியாத செய்தி. 1972இல் அப்பண்ணை கிண்டிக்குச் சென்றது.

அவருக்குப் பாம்புகளைப் பற்றிக் கற்பித்தவர்கள் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள். அக்காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோல் வணிகருக்கு விற்பதே அவர்களுள் பலருக்குப் பிழைப்பு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அப்பிழைப்பை முடித்து வைத்தன. பாம்பு பிழைத்தது, அதைப் பிடித்தவன் வீட்டு அடுப்பு அணைந்தது.

1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, நஞ்சை எடுத்தபின் காட்டிலேயே விட்டு விடுகிறார்கள். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே பாம்புக்கடி மருந்து செய்யப்படுகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. இவர்கள் எடுக்கும் நஞ்சின் அருமையை இதிலிருந்தே உணரலாம்.

நஞ்செடுக்கும் முறையைப் பொதுமக்களுக்குக் காட்டி விளக்குவதும் இச்சங்கத்தின் பணிகளுள் ஒன்று. ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறையே வரையறுக்கிறது. அனுமதி தாமதமானால் வருவாய் நிற்கும். அந்நாள்களில் பார்வையாளர் தரும் கட்டணம் சிறிதேனும் கைகொடுக்கும்.

பள்ளிக்கல்வி பெற வாய்க்காத மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அந்நாட்டாருக்கு மலைப்பாம்பு பிடிக்கும் வித்தையைக் கற்பித்தார்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. அமெரிக்கா தேடி அழைத்த ஆசான்களை, அரைநாள் பயணத்தில் இருக்கும் நாம் தேடிப் போனோமா?

அவர்கள் பிள்ளைகளின் படிப்பு

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. விருதினால் மட்டும் குடிசைக்குள் கல்வி வந்துவிடாது. இருளர் குடும்பங்கள் பல செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்திற்குக் கட்டுண்டு கிடந்திருக்கின்றன. பெற்றோர் வேலைதேடி இடம்பெயரும்போது பிள்ளையின் படிப்பு அறுபடுகிறது. சாதிச் சான்றிதழ் கிடைக்காமையால் மேற்படிப்பைத் தொடர இயலாதோரும் உளர். தகப்பனுக்கு உள்ளூரிலேயே வருவாய் இருந்தால்தான் பிள்ளை ஒரே பள்ளியில் நிலைத்துப் படிக்கும். நாம் கொடுக்கும் கட்டணத்தின் பயன் அங்கேதான் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

முத்தவல்லிகளும் ஆசிரியப் பெருமக்களும் இவற்றைக் கருதுவார்களாக. முதலாவதாக, புறப்படுமுன் கடிதம் எழுதி நாளையும் நேரத்தையும் கேட்டறியுங்கள். இரண்டாவதாக, அங்குள்ளோர் காட்சிப்பொருள் அல்லர், ஆசிரியர் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துங்கள். உஸ்தாதிடம் காட்டும் அதபை அவர்களிடமும் காட்டட்டும். மூன்றாவதாக, கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986இல் தொடங்கப்பெற்ற இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கத்தார் மூலிகை அறிவைத் தொழிலாக்கியவர்கள். அத்தகையோரிடம் பொருள் வாங்குங்கள். நான்காவதாக, சான்றிதழுக்காக அலையும் ஒரு பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதித் தரவும், உடன் சென்று அலுவலகத்தில் பேசவும் நம் பட்டதாரி இளைஞர்களால் இயலும். அதற்குப் பணம் கூட வேண்டுவதில்லை.

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக வடநெம்மேலி நாற்பது கிலோமீட்டர் அளவே. கஸ்ர் தொழுகைக்குக்கூட இடமில்லாத குறுகிய பயணம்! ஒரு மாத வழியை ஒரு ஹதீஸுக்காகக் கடந்தவர்களின் வழிவந்த நமக்கு இது பெரிதன்று.

கற்றவர்களாகத் திரும்பவும், கற்பித்தவரின் பிள்ளையும் கற்கத் துணைநிற்கவும் வல்ல ரஹ்மான் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.