இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

12-இன் காரணிகளைக் கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 1, 2, 3, 4, 6, 12 என்று சொல்லிவிடுவார்கள். 293318625600-இன் காரணிகள் எத்தனை என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பே சிரிக்கும். 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600! ஆனால், இதற்கு 5040 காரணிகள் என்பதை அவர்களே கண்டுபிடிக்க முடியும்.

12-லிருந்தே தொடங்கலாம். எங்கள் கலவைப் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் உண்டு. 12 ஷூ பெட்டிகளை மீதியில்லாமல் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்று கேட்டால் பிள்ளைகளின் கை தானாக உயர்கிறது. 11 அல்லது 13 பெட்டி என்றால் ஒரே நீள வரிசைதான். 12-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை 'உயர் பகு எண்' எனலாம்.

இவ்வெண்களைப் பற்றி 1915-இல் இலண்டன் கணிதக் கழக இதழில் இராமானுஜன் நீண்ட கட்டுரை எழுதினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது இதன் அடிப்படையில்தான். 1729-ஐப் பற்றிப் பேசாத கணித நாள் விழா இல்லை. ஆனால் பள்ளிப் பாடத்துக்கு மிக நெருக்கமானது இந்தக் கட்டுரையே என்பது என் கருத்து.

பகாக் காரணிப்படுத்தினால் நம் எண்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

இதன் ஒரு காரணியை உருவாக்க, 2-ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக 7 வழிகள். அதேபோல 3-க்கு 5, 5-க்கு 3, 7-க்கு 3, மற்ற நான்கிற்கும் தலா 2 வழிகள். 7×5×3×3×2×2×2×2 = 5040. முதலில் 12 = 2² × 3 என்பதற்கு 3×2 = 6 என்று செய்து காட்டிவிட்டால், இங்கே தடுமாற்றம் வராது.

அடுக்குகளைக் கவனியுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை. காரணம் எளிது. 18 = 2 × 3²; அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. காரணிகள் அதே ஆறு, எண்ணோ சிறியது. இடையில் பகா எண் விடுபடவும் கூடாது: 20 = 2² × 5-இல் 5-க்குப் பதில் 3 வைத்தாலும் 12 கிடைத்துவிடும்.

இந்த வடிவம் மட்டும் போதாது. 72 = 2³ × 3²; அடுக்குகள் சரியாக இறங்குகின்றன, 12 காரணிகளும் உள்ளன. ஆனால் அதைவிடச் சிறிய 60-க்கே 12 காரணிகள் உண்டு. ஆகவே முந்தையவற்றோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். இராமானுஜன் கணிப்பொறி இல்லாத காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களை 6746328388800 வரை பட்டியலிட்டார். அதில் 4800 காரணிகள் கொண்ட 240940299600-க்கும், 5376 காரணிகள் கொண்ட 321253732800-க்கும் நடுவே வரவேண்டிய நம் எண் விடுபட்டுவிட்டது! இதில் ஒரு வேடிக்கை: விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடும். காரணிகளும் இரட்டிப்பாகி 10080 ஆகும்.

வகுப்பில் 100 வரையுள்ள உயர் பகு எண்களைத் தேடச் சொல்லலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என ஒன்பது வரவேண்டும். ஒன்பது காரணிகளே கொண்ட 36-ஐத்தான் பிள்ளைகள் எளிதில் விட்டுவிடுவார்கள்.