மானிட்டர் இல்லாத சர்வர்: எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம்?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். பழையது என்ன ஆயிற்று? பல வீடுகளில் அது துணி போர்த்தி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு இப்படி மூலைக்குப் போன கம்ப்யூட்டர்கள் ஏராளம். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்காக அதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். வீட்டுக்குள் ஒரு சர்வராக இன்னும் சில ஆண்டுகள் அது உழைக்கும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று ஓடுகிறது. கோர் 2 டுயோ பிராசஸர், 2 ஜிபி ராம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் கிடையாது. ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு பவர் கேபிளும் ஒரு நெட்வொர்க் கேபிளும் செருகி வைத்திருக்கிறேன். அதற்குள் 11 வருட குடும்பப் போட்டோக்களும், மறைந்த என் அப்பா பேரனோடு பேசும் நான்கு வீடியோக்களும் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே இதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்பதை நான் விளையாட்டாக முடிவு செய்யவில்லை.

"ஐகான் கிடையாது, ஸ்டார்ட் பட்டன் கிடையாது, கறுப்புத் திரையில் டைப் செய்ய வேண்டுமா?" என்று பயப்படாதீர்கள். பைல்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்குக் கொடுப்பதுதான் சர்வரின் வேலை. அதற்கு டெஸ்க்டாப் படம் எதற்கு? யாரும் பார்க்காத திரைக்காக ராமும் பிராசஸரும் வீணாகும். அதிக புரோகிராம்கள் என்றால் அதிக ஓட்டைகள், அதிக அப்டேட்கள். டெஸ்க்டாப் இல்லாத என் டெபியன், வேலையில்லாமல் இருக்கும்போது 200 எம்பி ராம் கூட எடுப்பதில்லை.

கறுப்புத் திரையைப் பார்க்கக்கூட அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டியதில்லை. எஸ்எஸ்எச் என்ற வசதி மூலம் உங்கள் புதுக் கம்ப்யூட்டரிலிருந்தே அதற்குள் நுழையலாம். முன்பு இதற்கு 'புட்டி' என்ற புரோகிராமை டவுன்லோட் செய்வோம். 2018 முதல் விண்டோஸிலேயே இந்த வசதி சேர்ந்து வருகிறது.

முதலில் பிராசஸரைப் பாருங்கள்

பழைய கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அபௌட் பகுதிக்குச் செல்லுங்கள். 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் எக்ஸ்64 பிராசஸர் என்று இருந்தால் அது 64 பிட். 32 பிட் மட்டுமே என்றால் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் இல்லை. உபுண்டு அதற்கும் முன்பே கைவிட்டுவிட்டது. நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்றவை இருக்கின்றன என்றாலும் முதல் சர்வருக்கு அவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

64 பிட் என்றால் எல்லாம் ஓடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நிறுவனங்கள் விரும்பும் ரெட் ஹாட் லினக்ஸின் 9ஆம் பதிப்பு முதல், கொஞ்சம் புதிய பிராசஸர்களில் உள்ள கட்டளைகளை எதிர்பார்க்கிறது. அதே அடித்தளத்தில் வரும் அல்மாலினக்ஸ் 9, ராக்கி லினக்ஸ் 9 இரண்டும் அப்படித்தான். என்னுடைய கோர் 2 டுயோவில் இவை ஓடாது. ரெட் ஹாட் 10ஆம் பதிப்புக்கு இன்டெல் என்றால் 2013ல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையாவது வேண்டும்.

இலவசம் என்றால் எத்தனை நாளைக்கு?

புதியவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. சர்வரை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடுவோம். செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோனால் அது திறந்த வீடுதான்.

சென்ட்ஓஎஸ் கதையைக் கேளுங்கள். ரெட் ஹாட்டின் இலவச வடிவமாக உலகெங்கும் சர்வர்களில் ஓடியது. அதன் 8ஆம் பதிப்பு 2019ல் வந்தது. 2029 வரை அப்டேட் கிடைக்கும் என்று நம்பி எல்லோரும் இன்ஸ்டால் செய்தார்கள். 2020 டிசம்பரில் திடீரென்று ஓர் அறிவிப்பு: 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் 2021ல் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தன. சென்ட்ஓஎஸ் 7ம் 2024 ஜூன் 30ஆம் தேதி முடிந்துவிட்டது. பழைய புத்தகத்தையோ பயிற்சி மையத்தின் பழைய நோட்ஸையோ பார்த்து இன்று யாராவது சென்ட்ஓஎஸ் 7 போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

டெபியனா, உபுண்டுவா?

வீட்டுக்கு என்று வரும்போது போட்டி இந்த இரண்டுக்கும்தான். உபுண்டு டெபியனை அடித்தளமாகக் கொண்டது என்பதால் கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றே. 'ஆப்ட்' கட்டளைதான் இரண்டிலும் புரோகிராம்களைக் கொண்டு வரும். ஒன்றைக் கற்றால் மற்றதற்குத் தாவலாம்.

உபுண்டு சர்வரை விரும்பக் காரணங்கள் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த 24.04 எல்டிஎஸ் பதிப்புக்கு 2029 வரை இலவச அப்டேட் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு 5 கம்ப்யூட்டர்கள் வரை 'உபுண்டு ப்ரோ' இலவசம். பதிவு செய்தால் ஆதரவு 10 ஆண்டாக நீளும். செக்யூரிட்டி அப்டேட்களை அதுவே இறக்கிப் போட்டுக்கொள்ளும். ஆனால் ராம் அதிகம் கேட்கும். 4 ஜிபிக்கு மேல் இருந்தால் நானும் உபுண்டுவைத்தான் சொல்வேன்.

2 ஜிபி கம்ப்யூட்டருக்கு என் தேர்வு டெபியன். இதன் பின்னால் எந்த வியாபார நிறுவனமும் இல்லை. 1993 முதல் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஒரு நாள் முதலாளி மனம் மாறுவார் என்ற கவலை கிடையாது. 13ஆம் பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 3 ஆண்டு, அதன் பின் எல்டிஎஸ் குழுவின் ஆதரவு 2 ஆண்டு.

இன்ஸ்டால் செய்யும்போது இரண்டு இடங்களில் நிதானமாக இருங்கள். ரூட் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விட்டால், உங்கள் சொந்தப் பெயருக்கே 'சூடோ' அதிகாரம் கிடைக்கும். புதியவர்களுக்கு அதுவே வசதி. அடுத்து, எந்தெந்தத் தொகுப்புகள் வேண்டும் என்ற பட்டியல் வரும். அதில் டெஸ்க்டாப் என்விரான்மென்ட், க்னோம் இரண்டிலும் ஏற்கெனவே டிக் இருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டி அவற்றை நீக்குங்கள். எஸ்எஸ்எச் சர்வர் என்பதில் டிக் போடுங்கள். தானாக அப்டேட் ஆக 'அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ்' தொகுப்பைப் பிறகு நீங்களே சேர்க்க வேண்டும். டெபியனில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்.

போட்டோக்களை விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பார்க்க 'சாம்பா' வேண்டும். பைலைத் திருத்த 'நானோ' போதும். கன்ட்ரோல், எக்ஸ் கீகளை அழுத்தினால் வெளியே வரலாம். நண்பர் யாராவது 'விஐ' எடிட்டரைக் கற்றுத் தருகிறேன் என்றால், வெளியே வரும் வழியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்!

மற்றவை?

ஃப்ரீபிஎஸ்டி லினக்ஸ் அல்ல; பெர்க்லி யூனிக்ஸ் வழி வந்தது. இதில் உள்ள இசட்எஃப்எஸ் பைல் சிஸ்டம், எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்க்கும் எண் வைத்திருக்கும். டிஸ்க்கில் போட்டோ சத்தமில்லாமல் கெட்டுப்போனால் கண்டுபிடித்துச் சொல்லும். இரண்டு டிஸ்க்குகளை மிரர் செய்திருந்தால் சரியும் செய்யும். 8 ஜிபி ராமும் பொறுமையும் உள்ளவர்கள் அவசியம் பார்க்கலாம். விண்டோஸ் சர்வரிலும் 'சர்வர் கோர்' என்ற டெஸ்க்டாப் இல்லாத வகை 2008 முதல் உண்டு. 180 நாள் சோதனைக்குப் பின் லைசென்ஸ் வாங்க வேண்டும். வீட்டுக்கு எதற்கு?

கரண்ட் விஷயம்

பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது 60 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 43 யூனிட், இரண்டு மாத மின்கணக்கில் 86 யூனிட் ஏறும். இலவச யூனிட் உண்டு என்று மகிழ்ந்திருக்கும் தமிழக வாசகர்கள் இதைக் கவனிக்கவும். பழைய லேப்டாப் என்றால் செலவு நன்றாகக் குறையும். நல்ல நிலையில் உள்ள பேட்டரியே யூபிஎஸ் போல் உதவும். உப்பிப்போன பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பயாஸில் ஏசி பவர் பற்றிய பகுதியைத் தேடி, கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பட்டனை அழுத்த ஓட வேண்டும்.

ரவுட்டரில் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டை வெளியே திறந்துவிடாதீர்கள். திறந்தால் சற்று நேரத்திலேயே யார் யாரோ பாஸ்வேர்டு முயன்று பார்ப்பார்கள்.

இரண்டு டிஸ்க் மிரர் செய்தாலும் அது பேக்கப் ஆகாது. கைதவறி ஒரு போல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். நான் மாதம் ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க்கில் 'ஆர்சிங்க்' கட்டளையால் எல்லாவற்றையும் காப்பி எடுத்து, அதைத் தங்கை வீட்டில் வைக்கிறேன். வைப்பதற்கு முன் புதுக் கம்ப்யூட்டரில் செருகி, அப்பாவின் வீடியோ ஒன்றைத் திறந்து ஓடுகிறதா என்று பார்த்துவிடுவேன். டெபியன் டிஸ்க்கின் எக்ஸ்ட்4 பார்மட்டை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது. அதனால் இந்த ஒரு டிஸ்க்கை மட்டும் எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்து வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.