ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஓர் அடி தப்பும்!

2023-ம் ஆண்டு மே மாதம் 27-ந்தேதி. சனிக்கிழமை காலை.

தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருவில் ஒரு காட்டு யானை ஓடியது. மக்கள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்தார்கள்.

அந்த யானையின் பெயர் அரிக்கொம்பன். மலையாளத்தில் "அரி" என்றால் அரிசி. கேரளத்தில் சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் அது.

அதற்கு முந்தைய மாதம் 29-ந்தேதிதான் கேரள வனத்துறையினர் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். பெரியாறு காட்டில் விட்டார்கள். அங்கே அது நிற்கவில்லை. மேகமலைப் பக்கம் போனது. பிறகு கம்பத்துக்கே வந்துவிட்டது.

நகரத்தில் 144 தடை உத்தரவு போடப்பட்டது. அன்று யானையிடம் சிக்கிக் காயம் அடைந்த ஒருவர், சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

ஜூன் 5-ந்தேதி அதிகாலையில் சின்ன ஓவுலாபுரம் அருகே தமிழக வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி யானையைப் பிடித்தார்கள். கும்கி யானைகளின் உதவியோடு லாரியில் ஏற்றினார்கள். களக்காடு - முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

இந்த வேலைக்கு உயிர்நாடி எது? மயக்க ஊசித் துப்பாக்கி!

ஊசி எங்கே பட வேண்டும்?

இந்தத் துப்பாக்கியில் வெடிமருந்துக்குப் பதிலாகக் காற்றின் அழுத்தம் அல்லது கரியமில வாயுவின் அழுத்தம் பயன்படுவது உண்டு. குண்டுக்குப் பதில் மருந்து நிரப்பிய ஊசி பாயும். இந்தியாவில் யானைக்கு சைலசின், கெட்டமின் என்ற மருந்துகளைக் கொடுப்பது வழக்கம்.

ஊசி, பின்தொடை அல்லது தோள்பட்டையின் தடித்த சதையில் பட வேண்டும். தலையிலோ வயிற்றிலோ படக்கூடாது. எலும்பில் பட்டால் மருந்து சரியாக இறங்காது. அரைகுறை மருந்தோடு யானை மிரண்டு ஓடும். ஓடுகிற வழியில் ஊர் இருந்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்!

ஊசி, குண்டைப் போல வேகமாகப் போகாது. போகப் போகத் தாழும். ஆகவே தூரத்தை முதலில் அளக்க வேண்டும். அதற்குத் தக்கபடி அழுத்தத்தை வைக்க வேண்டும். பிறகு குறி பார்க்க வேண்டும்.

குறி பார்க்க, துப்பாக்கியின் மேல் சிறு தொலைநோக்கியைப் பொருத்துவது உண்டு. அதைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் உலோகத் துண்டுதான் "தாங்கி". அடியில் ஒரு கட்டை. மேலே இரண்டு வளையங்கள். சில திருகுகள். அவ்வளவுதான்.

சின்னக் கணக்கு

தொலைநோக்கி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், தாங்கி ஆடினால் பயன் இல்லை. இதோ கணக்கு:

இரண்டு வளையங்களுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். யானை 30 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. 30 மீட்டர் என்பது 10 சென்டிமீட்டரைப் போல 300 மடங்கு. ஒரு வளையம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், குறி 300 மில்லிமீட்டர் தப்பும். அதாவது, சுமார் ஓர் அடி!

தொடைக்கு வைத்த குறி வயிற்றில் போய்ப் படும்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. கல்தூண் ஆடினால் மேலே கட்டிய கம்பி நேராக நிற்குமா?

பட்டாளத்தில் பட்ட பாடு

"செமி ஆட்டோமேட்டிக்" துப்பாக்கியில் தொல்லை இன்னும் அதிகம். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். உடனே வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். அடுத்த தோட்டா தானே உள்ளே ஏறும். ஒவ்வொரு தடவையும் தாங்கி அதிரும்.

அமெரிக்க எம்-1 துப்பாக்கியில் 8 தோட்டாக்களை ஒரே கட்டாக மேலிருந்து அமுக்க வேண்டும். நடுவில் தொலைநோக்கி இருந்தால் கை இடிக்கும். ஆகவே 2-ம் உலகப் போர்க் காலத்தில் அதை இடப்பக்கம் ஒதுக்கிப் பொருத்தினார்கள்.

இந்தியப் பட்டாளத்துக்காக இஷாப்பூரில் செய்த 1ஏ1 துப்பாக்கியின் மேல்மூடி மெல்லிய தகடு. சுத்தம் செய்யும்போது அதைக் கழற்றிவிடலாம். கழறுகிற மூடியின் மேல் தொலைநோக்கியை வைத்தால் குறி நிலைக்குமா? அதே இனத்துத் துப்பாக்கிக்கு ஆங்கிலேயர்கள் தொலைநோக்கி வைத்தபோது, அதற்கென்று தனி மூடியே செய்தார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் அடிக்கட்டை. காற்றுத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் அகலப் பள்ளம் இருக்கும். வேறு பல துப்பாக்கிகளில் சுமார் 21 மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கும். ஒன்றுக்குச் செய்ததை மற்றொன்றில் திணிக்கக்கூடாது.

அடுத்து வளையம். தொலைநோக்கிக் குழாய் 25.4 மில்லிமீட்டராகவும் இருக்கும். 30 மில்லிமீட்டராகவும் இருக்கும். அளந்து பார்த்து வாங்க வேண்டும். தகடு சுற்றி இறுக்குவது கூடாது.

மூன்றாவது உலோகம். எஃகு அல்லது உறுதியான அலுமினியம் நல்லது.

நான்காவது உயரம். குழலில் தட்டாத அளவுக்குத் தாழ்வாக இருந்தால் போதும்.

பொருத்தும்போது எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். ஒரே திருகை முழுக்க இறுக்கக்கூடாது. மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அளவுக்கு மீறினால் குழாய் நசுங்கும்.

இறுக்கிய பிறகு திருகின் தலையிலும் தாங்கியிலும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு போடுங்கள். கோடு விலகினால் திருகு தளர்ந்தது என்று பொருள்.

காட்டுக்குப் போகுமுன் சோதனை

ஓர் அட்டையை நிறுத்தி, வெறும் ஊசிகளை வைத்து ஒரே இடத்துக்கு ஐந்து முறை சுட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால் தாங்கி நம்பிக்கையானது. சிதறினால் முதலில் திருகுகளைப் பாருங்கள். பிறகு தொலைநோக்கியைக் குறை சொல்லலாம். ஜீப்பில் குலுங்கிப் போன பிறகும் இதே சோதனை வேண்டும்.

துப்பாக்கி எடுப்பது வனத்துறையின் வேலை. யானை வந்தால் தூர விலகி வழி விடுவது நம் வேலை. கூச்சல் போட்டுக் கூட்டம் கூடினால் யானை நிற்காது. நிற்காத யானைக்கு எந்தத் தாங்கியாலும் குறி வைக்க முடியாது!