நிற்பதும் நடப்பதும் இதயத்துக்கு ஒன்றல்ல

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களிடம் நடைப்பயிற்சி என்று பேச்செடுத்தால், "12 மணி நேரம் நின்னுட்டேதான் இருக்கறோம், இதுக்கு மேல என்னங்க எக்சர்சைசு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உடம்பு ஓய்ந்துபோவது வேறு, இதயம் பலப்படுவது வேறு.

கட்டிங் பிரிவில் துணி ரோலைத் தோளில் ஏற்றுகிறவரைக் கவனியுங்கள். தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களையே நெரிக்கிறது. அந்த நெரிசலை எதிர்த்து இதயம் ரத்தத்தைத் தள்ளுவதால் ரத்த அழுத்தத்தின் மேல் எண், கீழ் எண் இரண்டும் எகிறும். கனடாவில் கட்டுடல் வீரர்கள் ஐவரின் கைத் தமனிக்குள் குழாய் செலுத்தி அளந்து, 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். கால்களால் பெரும் பளுவைத் தள்ளியபோது சராசரி அழுத்தம் 320/250!

வேகநடையிலும் சைக்கிளிலும் அப்படியில்லை. மாறிமாறிச் சுருங்கி விரியும் தசையில் சிறு குழாய்கள் அகலத் திறந்துகொள்கின்றன. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இறைக்கும் இதயம், கடும் ஓட்டத்தில் 20 லிட்டரை எட்டும். மேல் எண் ஏறும். கீழ் எண் பெரும்பாலும் அசையாது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும் திறன் வருகிறது. ஓய்வு நேரத் துடிப்பு குறைகிறது.

செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களுக்கு இது எதுவும் கிடைப்பதில்லை. எழுந்து நின்றதுமே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் அது மேலேறும். சிரைகளில் உள்ள வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடாது. அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். இதயம் துடிப்பைக் கூட்டி ஈடுகட்டும், பலன் மட்டும் சேராது. சாயங்காலக் கணுக்கால் வீக்கம் இதனால்தான். வருஷக்கணக்கில் நின்றால் நரம்பு சுருட்டிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம்.

நாள் முழுக்க உட்கார்ந்தே தைக்கும் பவர் டேபிள் டெய்லருக்கு வேறு கவலை. லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த ஜெர்ரி மாரிஸ் 1953-இல் வெளியிட்ட கணக்கில், உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு.

நின்று வேலை செய்கிறவருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே 44-ஆம் பிரிவில் சொன்னது. ஒரு ஸ்டூலுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. முதலாளிகள் இதைச் செய்தே ஆக வேண்டும். அதுவரை, நின்ற இடத்திலேயே குதிகாலை ஏற்றி இறக்கினாலும் கெண்டைக்கால் ரத்தத்தை மேலே தள்ளும். ரோல் தூக்குகிறவர் மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினால் அழுத்தம் அந்த உச்சத்துக்குப் போகாது.